பந்தி வஞ்சனை

ஹோட்டல் விமர்சனத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எதற்கு எழுத வேண்டும் என்று கேட்கக்கூடிய வாசகர்கள் நமக்கு உண்டு. மொத்தமே இருநூற்றுச் சில்லறைப் பேர்தான் என்பதால் யார் யார் கேட்பார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். நியூயார்க் நகரத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஹோட்டல் விமர்சனம் என்று ஒரு துறை நடந்து வருகிறது. விமர்சகன் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மதிப்பிடுகிறான், அந்த நாற்காலி அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்ற கேள்விகள் அங்கே பச்சையாக எழுந்திருக்கின்றன. நம்முடைய இலக்கிய விமர்சனத்தில் இவை எழுந்ததில்லை. எழுந்தபோதெல்லாம் தனிநபர் தாக்குதல் என்று பெயர் சூட்டி உட்கார வைத்துவிட்டோம்.

நான் நியூயார்க்கைப் பார்த்ததில்லை. அந்த ஹோட்டல்களில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணம் எங்கள் வீட்டு மாத மளிகையைத் தாண்டும். ஆகவே இந்த விமர்சனங்கள் பேசும் எதையும் நான் நாக்கில் வைத்துச் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த ஊர்க்காரனும் சரிபார்க்க முடியாது என்பதுதான் வேடிக்கை. ஒரு கவிதையைப் பற்றி நான் அபத்தமாக எழுதினால் அந்தக் கவிதையை என் முகத்துக்கு நேரே நீட்டி வாயை அடைக்கலாம். சாப்பிட்டு முடித்த தட்டை யாரும் நீட்ட முடியாது. விமர்சனத்தின் பொருள் விமர்சகனின் வயிற்றுக்குள் போய்விட்டது. மிச்சமிருப்பது அவன் வாக்கியம் மட்டும். அந்த வாக்கியத்தை எதை நம்பி ஏற்றுக்கொள்வது?

இதற்கு நியூயார்க் ஒரு நடைமுறையைக் கண்டுபிடித்தது. அதை நிலைநிறுத்தியவர் கிரெய்க் கிளெய்பர்ன். 1957இல் நியூயார்க் டைம்ஸின் உணவுப் பகுதிக்கு ஆசிரியரானவர். அதுவரை பெரிய பத்திரிகைகளில் அந்தப் பகுதி பெண்கள் பொறுப்பில், சமையல் குறிப்போடும் விளம்பரத்தோடும் கலந்து கிடந்தது. விமர்சகர் தன் பெயரைச் சொல்லாமல் போக வேண்டும், ஒரு முறையோடு நிறுத்தாமல் பல முறை போக வேண்டும், பில்லைப் பத்திரிகை கட்ட வேண்டும், ஹோட்டல்காரர் கொடுக்கும் எதையும் இனாமாக வாங்கக் கூடாது என்ற விதிகள் அவர் காலத்தில் உருவானவை. அறுபதுகளில் நட்சத்திரங்கள் வந்தன. நான்கு நட்சத்திரம் உச்சம். நட்சத்திரத்தைப் பற்றி எனக்கு மரியாதை கிடையாது. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவன் போடும் மார்க்கு அது. ஆனால் பெயர் சொல்லாமல் போவது என்ற விதி அப்படியல்ல. அதில் ஒரு கொள்கை இருக்கிறது: தெரியாதவனுக்கு என்ன பரிமாறப்படுகிறதோ அதுதான் அந்த ஹோட்டலின் சாப்பாடு. தெரிந்தவனுக்குப் பரிமாறப்படுவது உபசாரம்.

(இதே கிளெய்பர்ன் 1975இல் ஒரு தர்ம ஏலத்தில் 300 டாலருக்கு ஒரு விருந்தை ஏலம் எடுத்து, பாரிஸில் நண்பர் பியர் ஃபிரானேயுடன் உட்கார்ந்து 31 பதார்த்தம், 4000 டாலர் பில் என்று சாப்பிட்டார். செலவு ஒரு கிரெடிட் கார்டு கம்பெனியுடையது. அந்தச் செய்தி பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே வந்தது. வாசகர்கள் கொதித்தார்கள், வாத்திகன்வரை கண்டனம் எழுந்தது. விதி செய்தவர்களின் வாழ்க்கை விதியைவிடச் சுவாரஸ்யமாக இருப்பது எல்லாத் துறையிலும் உள்ளதுதான்.)

தமிழில் இதற்கு ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. பந்தி வஞ்சனை. ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன் இலையில் நெய் வழியவும் இன்னொருவன் இலையில் நெய் மணக்க மட்டும் செய்யவும் பரிமாறுவது. பாவம் என்று பாட்டிகள் சொல்வார்கள். ஆனால் பந்தியே தனித்தனியாக இருந்ததைப் பாவம் என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது 1924-25இல் தமிழ்நாட்டு அரசியலையே புரட்டியது. 1957இல் பெரியார் சென்னையில் ஹோட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிராக மறியல் நடத்தினார். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றி இவ்வளவு சரித்திரம் வைத்திருக்கிற நாம், அதைப் பற்றிய விமர்சன மொழி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவில்லை.

நியூயார்க்கின் பெரிய ஹோட்டல் என்பது முதலில் சாப்பாடு அல்ல, ஓர் அறை. ஆன்ரி ஸூலே என்ற பிரெஞ்சுக்காரர் 1939 உலகக் கண்காட்சியின் பிரெஞ்சு மண்டபத்தில் சாப்பாட்டுப் பகுதியை நடத்த வந்தார். போர் வந்தது, அங்கேயே தங்கி 1941இல் லெ பவியோன் என்ற ஹோட்டலைத் திறந்தார். இருபது ஆண்டு காலம் அந்நகரத்தின் பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கு அவர் வைத்ததே சட்டம். அவருடைய மேதமை அடுப்பில் இல்லை, மேஜையில் இருந்தது. யாரை வாசலருகே உட்கார வைப்பது, யாரைப் பின்கட்டுக்கு அனுப்புவது என்பதில். இந்த மாதிரி ஹோட்டல்களில் பின்கட்டு மேஜைகளுக்கு 'சைபீரியா' என்று பெயர். அந்தக் கட்டிடத்தை வாங்கிய சினிமாக் கம்பெனியின் தலைவருக்கே அவர் நல்ல மேஜை கொடுக்க மறுத்தார், வாடகை ஏறியது, ஸூலே கடையைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போனார் என்று ஒரு கதை உண்டு. நம்மிடையே சிலருக்கு இதில் ஸூலேயின் கலைஞ கர்வம் தெரியக்கூடும். எனக்குத் தெரிவது ஒரு கல்யாண வீட்டு மாமா.

1959இல் ஸீக்ரம் கட்டிடத்தில் போர் ஸீஸன்ஸ் திறக்கப்பட்டது. மீஸ் வான் டெர் ரோ கட்டிய கட்டிடம். ஹோட்டலின் உட்புறம் பிலிப் ஜான்ஸன். மெனுவைப் பிரெஞ்சில் அச்சிடாமல் ஆங்கிலத்தில் அச்சிட்டார்கள், அதுவே அப்போது ஒரு துணிச்சல். அதன் சுவர்களுக்கு ஓவியம் வரைய மார்க் ராத்கோவை 1958இல் கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டு ஏறக்குறைய முப்பது திரைகள் வரைந்தார். பெரும்பாலும் கருஞ்சிவப்பும் கருப்பும். அந்த அறையில் சாப்பிட வரும் பணக்காரர்களின் பசியையே இந்தப் படங்கள் கெடுத்துவிட வேண்டும் என்பது தன் நோக்கம் என்று ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லியிருக்கிறார். பிறகு ஒருநாள் மனைவியுடன் அங்கே சாப்பிடப் போனார். வந்ததும் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓவியங்களைத் தர மறுத்துவிட்டார். அவற்றில் ஒன்பது லண்டன் டேட் காட்சியகத்துக்குப் போயின. அவை அங்கே வந்து இறங்கிய 1970 பிப்ரவரி 25ஆம் தேதிதான் ராத்கோ தற்கொலை செய்துகொண்ட தேதியும்.

இதைக் கலைஞனின் மறுப்பு என்று கொண்டாடுவது நம் வட்டத்தில் சுலபம். நானும் சில காலம் கொண்டாடியவன்தான். இப்போது எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அவர் அங்கே போய் உட்கார்ந்தார் என்பது. வரைந்துகொண்டிருந்தவரை அந்த அறை அவருக்கு ஒரு கருத்து. உட்கார்ந்து மெனுவைப் பார்த்தபோதுதான், வருகிறவன் எந்தப் படத்துக்கும் மசிய மாட்டான், சுவரில் ரத்தமே வழிந்தாலும் அடுத்த பதார்த்தத்தைக் கேட்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் செய்த நல்ல விமர்சனம் அந்த ஒரு வேளைச் சாப்பாடு.

போர் ஸீஸன்ஸ் 2016இல் அந்தக் கட்டிடத்தை விட்டது. 2018இல் வேறிடத்தில் திறந்து, 2019இல் ஒரேயடியாக மூடப்பட்டது.

இனி நான் எழுத வந்த விஷயம். 1993இல் ரூத் ரெய்ஷ்ல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் டைம்ஸுக்கு விமர்சகராக வருகிறார். அவர் வருவதற்கு முன்பே அவர் புகைப்படம் ஹோட்டல் சமையலறைகளில் ஒட்டப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தால் சர்வருக்கு இனாம் என்ற அறிவிப்போடு. ஆகவே அவர் மாறுவேஷத்தில் போகத் தொடங்கினார். விக், கண்ணாடி, பழைய துணி, வேறு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு. லெ ஸிர்க் என்ற நான்கு நட்சத்திர ஹோட்டலுக்கு மோலி என்ற பெயரில், மத்திய மேற்கிலிருந்து வந்திருக்கும் நடுத்தர வயது முன்னாள் பள்ளி ஆசிரியையாகப் போனார். சிகரெட் பிடிக்காதவர்கள் பகுதி கேட்டவரைச் சிகரெட் பகுதியில் உட்கார வைத்தார்கள். கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒயின் பட்டியலை, வேறொருவருக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு அதே ஹோட்டலுக்குத் தன் சொந்த முகத்தோடு போனார். ஸ்பெயின் நாட்டு மன்னர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் உங்கள் மேஜை தயார் என்று முதலாளி ஸிரியோ மக்கியோனியே வந்து அழைத்துப் போனார். இடம் மாறியது, உபசாரம் மாறியது. ராஸ்ப்பெர்ரிப் பழங்கள்கூட முன்னைவிடப் பெரிதாக வந்தன.

1993 அக்டோபர் 29ஆம் தேதி வெளியான மதிப்புரையில் ரெய்ஷ்ல் செய்ததைத்தான் நான் விமர்சன வடிவத்தில் ஒரு கண்டுபிடிப்பு என்பேன். இரண்டு அனுபவங்களையும் கலந்து சராசரி எடுத்து ஓர் அபிப்பிராயம் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலில் யாருமில்லாதவள் சாப்பிட்டது, அடுத்து யாரோ ஆனவள் சாப்பிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் மதிப்பீடு. அந்த இடைவெளியைப் பற்றி அவர் பெரிதாகப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நம் ஆட்களாயிருந்தால் இரண்டு பக்கம் சமூக அமைப்பைப் பற்றி எழுதி அந்த ராஸ்ப்பெர்ரியை நசுக்கியிருப்பார்கள்.

வங்கியில் கவுண்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பெரிய டெபாசிட்காரர் நேரே மானேஜர் அறைக்குப் போவார், டீ போகும். பென்ஷன் வாங்க வந்த கிழவி டோக்கனைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் இருப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே வட்டி விகிதம் என்று சுவரில் எழுதித் தொங்கவிட்டிருக்கும். அந்தப் பலகை பொய்யல்ல என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். லெ ஸிர்க்கிலும் சமையல் பொய்யல்ல.

ஆனால் ரெய்ஷ்லின் மதிப்புரையில் எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல் உண்டு. நான்கு நட்சத்திரத்தைக் குறைத்து மூன்றாக்கினார். மூன்று! ஒரு மனுஷியை அந்த அறை அவ்வளவு அலட்சியம் செய்தது என்று தானே எழுதிவிட்டு, அப்புறமும் மிகச் சிறந்த ஹோட்டல்களில் ஒன்று என்ற இடத்தில் அதை வைத்திருக்கிறார். அவமானத்தின் விலை ஒரு நட்சத்திரம். கைக்கு வந்த கத்தியை அவர் பாதி தூரம்தான் இறக்கினார். அறையையும் சாப்பாட்டையும் தனித்தனியாக எடைபோட முடியும் என்ற பழைய நம்பிக்கை, அதை உடைத்தவரிடமே மிச்சமிருந்தது. உருவம் உள்ளடக்கம் என்று நாம் பிரித்துக்கொண்டு செய்யும் அதே அசட்டுத்தனம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேஷங்களைப் பற்றி அவர் 2005இல் எழுதிய புத்தகத்துக்குத் தலைப்பை எலியட்டின் 'பர்ன்ட் நார்ட்டன்' கவிதையிலிருந்து எடுத்திருக்கிறார், பூண்டும் நீலக்கல்லும். பி.ஏ.யில் எலியட்டை உருப்போட்டவன் என்ற முறையில் எனக்கு அது சந்தோஷம்தான். ஆனால் புத்தகத்தில் மோலி ஒரு முழு மனுஷியாக எழுந்து நிற்கவில்லை. அழகில்லாத, வயதான, வெளியூர்ப் பெண் என்பது கழற்றி மாட்டக்கூடிய உடுப்பாகவே இருந்துவிடுகிறது. நாளெல்லாம் மோலியாக இருக்கும் பெண்களுக்கு டைம்ஸ் பில் கட்டாது, அவர்கள் மறுபடி வந்து பழி வாங்கவும் மாட்டார்கள். செத்துப்போன தன் அம்மாவின் உடைகளையும் நகைகளையும் போட்டுக்கொண்டு, அம்மாவாகவே ஹோட்டலுக்குப் போய், அம்மாவைப் போலவே சர்வரிடம் அடாவடி செய்யும் பகுதி மட்டும் வேறு தளத்துக்குப் போகிறது. அங்கே அவர் வேஷம் போடவில்லை. மற்ற வேஷங்கள் வெறும் சாமர்த்தியம்.

அவர் செய்த அடுத்த காரியத்துக்குத்தான் அதிகமாக அடி விழுந்தது. ஸோஹோ பகுதியில் ஹோன்முரா ஆன் என்று ஒரு ஜப்பானிய ஸோபா கடை. பக்வீட் மாவில் கையால் வெட்டிய நூடுல்ஸ். அதற்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். அவருக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்த பிரையன் மில்லர், நூடுல்ஸ் கடைகளுக்கு இரண்டு மூன்று நட்சத்திரமா, நாங்கள் கட்டிக் காத்த முறையே நாசமாகிறது என்று பத்திரிகை மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் வெளியே கசிந்தது. லெ ஸிர்க்குக்குப் போன ஒரு நட்சத்திரத்தைவிட ஸோபா கடைக்கு வந்த மூன்று நட்சத்திரங்களே அவரை உறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை. கீழிருப்பவன் மேலே வரும்போதுதான் அடுக்கு இருப்பதே பலருக்கு ஞாபகம் வருகிறது.

நியூயார்க்கின் ஹோட்டல் வகைகளை எண்ணி மாளாது. பிளஷிங்கில் 1977இல் குடமுழுக்கான கணேசர் கோயிலின் கீழ்த்தளத்தில் தோசை கிடைக்கிறது. வாஷிங்டன் சதுக்கத்தில் யாழ்ப்பாணத்துத் தமிழர் ஒருவர் தள்ளுவண்டியில் தோசை வார்த்து 2007இல் தெருவோரக் கடைக்காரர்களுக்கான வெண்டி விருதை வாங்கினார். குவீன்ஸ் பகுதியில் ஏழாம் எண் ரயிலைப் பிடித்தால் நிலையத்துக்கு ஒரு நாடு. இவற்றைப் பற்றி எழுத ஆட்கள் இல்லாமலில்லை. ராபர்ட் ஸீட்ஸமா போன்றவர்கள் நடந்தே தேய்ந்தார்கள். டைம்ஸும் 1992இல் 25 டாலருக்குள் சாப்பிடக் கூடிய இடங்களுக்கென்று தனிப் பத்தி ஒன்று தொடங்கியது. அங்கேதான் சங்கடம். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய அந்தப் பத்திதான் சுவராகவும் ஆனது. நட்சத்திரம் ஒரு பக்கம், சல்லிசு ஒரு பக்கம். பிரெஞ்சுச் சாப்பாடு 'சாப்பாடு'. மற்றவர்களுடையது 'இனச் சாப்பாடு'. அதைப் பாராட்டும்போது மண்ணின் மணம், பாட்டியின் கைமணம், உண்மைத்தன்மை என்று வார்த்தைகள் வந்து குவியும். சமைத்தவனுடைய யோசனை, வடிவ உணர்வு, தேர்வு என்ற வார்த்தைகள் வராது. அவை பிரெஞ்சுக்காரனுக்காக எடுத்து வைத்தவை.

இதை நாம் படித்துச் சிரிக்க வேண்டியதில்லை. நம்மிடம் 'வட்டார இலக்கியம்' இருக்கிறது. தஞ்சாவூர் அக்ரகாரத்துத் திண்ணையில் நடப்பது மனித மனத்தின் கதை. கரிசல் காட்டில் நடப்பது வட்டாரத்தின் கதை. கி.ராஜநாராயணனைப் பாராட்டி எழுதியவர்களில் எத்தனை பேர் அவருடைய கட்டமைப்பைப் பற்றி, எதைச் சொல்லாமல் விட்டார் என்பதைப் பற்றி எழுதினார்கள்? மண்வாசனை என்று ஒரு வார்த்தை. கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து முகர்ந்து பார்ப்பதற்குத் தோதான வார்த்தை அது.

பின்னால் வந்தவர்களில் பீட் வெல்ஸைப் பலர் கொண்டாடுகிறார்கள். டைம்ஸ் சதுக்கத்தில் டெலிவிஷன் சமையல்காரர் கை ஃபியெரி திறந்த ஹோட்டலைப் பற்றி 2012இல் முழு மதிப்புரையையும் கேள்வி வாக்கியங்களாகவே எழுதினார். உலகமே படித்துச் சிரித்தது. கெட்டிக்காரத்தனம், சந்தேகமில்லை. ஆனால் சுற்றுலா வந்த குடும்பங்கள் சாப்பிடும் கடையை மேலே நின்று மிதிப்பதற்கு என்ன பெரிய ஆயுதம் வேண்டியிருக்கிறது? அதே வெல்ஸ் 2016இல், தாமஸ் கெல்லரின் பெர் ஸே என்ற நான்கு நட்சத்திர ஹோட்டலை இரண்டுக்கு இறக்கி, அங்கே குடித்த காளான் சூப்பைக் கஞ்சாக் குழாயில் தேங்கிய தண்ணீருக்கு ஒப்பிட்டாரே, அது விமர்சனம். அந்த ஒப்புமையைப் படித்த பிறகு தலைக்கு முன்னூறு டாலருக்கு மேல் கொடுத்தவன் எவனும் சும்மா தலையாட்டிக்கொண்டு அந்த சூப்பைக் குடித்திருக்க முடியாது.

இவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்க்காத கதவு ஒன்று உண்டு. சமையலறைக் கதவு. விருந்தாளியின் வேஷத்தில் போகிறவனுக்கு அந்தப் பக்கம் இல்லை. 1976இல் உலக வர்த்தக மையத்தின் உச்சியில், 107ஆம் மாடியில் விண்டோஸ் ஆன் தி வேர்ல்ட் திறந்தபோது கேல் கிரீன் நியூயார்க் பத்திரிகையில் உலகத்திலேயே பிரமாதமான ஹோட்டல் என்று மெய்மறந்து எழுதினார். ஜன்னல் வழியே தெரிந்த நகரம் அவருக்குக் காவியமாகப் பட்டது. 2001 செப்டம்பர் 11ஆம் தேதி காலையில் அங்கே வேலையில் இருந்து இறந்த ஊழியர்கள் 70க்கும் மேல். பெரும்பாலும் பல தேசங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நகரத்தின் பன்முகத்தன்மை என்று நட்சத்திர விமர்சனம் தேடிக்கொண்டிருந்தது அத்தனை காலமும் அந்தப் பிரெஞ்சு மெனுவுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டுதான் இருந்தது. உயிர் தப்பிய சக ஊழியர்களில் சிலர் 2006இல் கலர்ஸ் என்று தாங்களே பங்குதாரர்களாக ஒரு ஹோட்டலைத் திறந்தார்கள். நீடிக்கவில்லை.

அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு தமிழர் முன்னால் வந்திருக்கிறார் என்பதால் இந்த விஷயம் இப்போது நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. 2021இல் கிரீனிச் வில்லேஜில் 'செம்ம' திறந்தது. சமையல் விஜய்குமார், திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் ஊர்க்காரர். 2022இல் மிஷெலின் நட்சத்திரம். 2025இல் ஜேம்ஸ் பியர்ட் விருது, அதே ஆண்டு நியூயார்க் டைம்ஸின் நூறு ஹோட்டல் பட்டியலில் முதலிடம். மெனுவில் நத்தைப் பிரட்டல், குடல் வறுவல் என்று தமிழ்ப் பெயர்களே இருக்கின்றன. (தோசை மட்டும் 'கன்பவுடர் தோசை'. நம் மிளகாய்ப்பொடி அங்கே வெடிமருந்து.) கையில் காசில்லாத காலத்தில் வயலில் நத்தை பொறுக்கிச் சாப்பிட்டது சின்ன வயதில் தனக்கு வெட்கமாக இருந்தது, பிறகு சமையல் படிப்பில் பிரெஞ்சுக்காரன் நத்தையை அபூர்வ உணவாக வைத்திருப்பதைக் கண்டேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விருதை வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். ஏழைச் சாப்பாடு பணக்காரச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்கிற அர்த்தத்தில் அங்கே பேசினார். நானும் அதைப் பார்த்தேன். கண் கலங்கியது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் கண் கலங்கியது விமர்சனம் அல்ல. ஏழைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்பது சமைப்பவர் சொல்லும்போது தன்மானம். அதையே சாப்பிடுகிறவன் சொன்னால் சௌகரியம். வயலில் நத்தை பொறுக்கியவளுக்கும் நத்தைக்கும் நடுவே இருந்தது பசி. அந்த அறையில் அது ருசி. இந்த மாற்றத்தில் எது போயிற்று, எது வந்தது என்று யாராவது சொல்ல வேண்டாமா? அமெரிக்க விமர்சகர் நத்தத்துப் பிரட்டலைச் சாப்பிட்டதில்லை. அவர் ஒப்பிடுவது அந்த ஊர்ப் பஞ்சாபி ஹோட்டலின் வெண்ணெய்க் கோழியோடு; அதனிடமிருந்து விடுதலை என்ற வகையில்தான் இதைப் பாராட்டுகிறார். நம்மவர்கள் எழுதியதில் நான் படித்த அத்தனையும் விருதைப் பற்றி. மிளகாய் தூக்கலா, புளி சரியா, நத்தை ரப்பர் மாதிரி இழுக்கிறதா என்று ஒரு வரி இல்லை. ஒருவருக்கு மூலம் தெரியாது, இன்னொருவருக்குப் பெருமையில் நாக்கு மரத்துவிட்டது. பெருமாள்முருகன் நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கரின் நெடும்பட்டியலில் வந்தபோதும் இதே கதைதான் நடந்தது. அவர்கள் தமிழைப் படிக்காமல் பாராட்டினார்கள். நாம் நாவலைப் படிக்காமல் பட்டியலைப் பாராட்டினோம். விஜய்குமாருக்குச் செய்யக்கூடிய மரியாதை, அந்தப் பிரட்டலைத் தெரிந்த ஒருவர் அங்கே போய், நத்தத்தையும் மறக்காமல், பிரெஞ்சு நத்தையையும் பார்க்காமல், தட்டில் இருப்பதைப் பற்றி எழுதுவதுதான். குறை சொல்லும் உரிமை உள்ளவன் சொல்லும் நல்ல வார்த்தைக்குத்தான் எடை.

நான் கேட்கும் அந்த ஆள் வேஷம் போட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் எப்படி முகம் தெரியாதவனாவது? நம் சிக்கலும் அதுதான். இந்தப் பத்திரிகையின் சென்ற இதழில் மூன்று மதிப்புரைகள். இரண்டு, நூலாசிரியரை 'நண்பர்' என்று ஆரம்பிக்கின்றன. மூன்றாவது நட்பு முறிந்த பிறகு எழுதப்பட்டது. புத்தகத்தைத் தெரியாதவனாகப் படித்தவர் யாருமில்லை. தெரியாதவர்கள் படிக்கும் அளவுக்குப் பிரதிகள் அச்சாவதும் இல்லை.

நியூயார்க்கிலேயே அந்த விதி இப்போது இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜொனதன் கோல்ட் 2015இலேயே முகத்தைக் காட்டிவிட்டார். ஹோட்டல் விமர்சனத்துக்கு முதல் புலிட்ஸரை 2007இல் வாங்கியவர் அவர். வெல்ஸ் 2024இல் விலகினார். 2025இல் டைம்ஸ் லிகாயா மிஷன், தேஜல் ராவ் என்று இருவரைத் தலைமை விமர்சகர்களாக நியமித்து, இனி முகத்தை மறைக்கப் போவதில்லை என்று அறிவித்தது. எல்லாச் சமையலறைகளிலும் அவர்கள் படம் ஏற்கெனவே இருக்கும்போது மறைப்பது நாடகம் என்பது நியாயமான வாதம். மிஷன் பல ஆண்டுகள் சின்னக் கடைகளைப் பற்றி எழுதி வந்தவர். அந்தப் பத்தியிலிருந்து ஒருவர் தலைமை நாற்காலிக்கு வருவது, நூடுல்ஸ் கடைக்கு எதிராகக் கடிதம் போட்ட காலத்தில் நடந்திருக்காது. இனி இவர்கள் இலைக்கு வரும் ராஸ்ப்பெர்ரி பெரிதாகத்தான் இருக்கும். பக்கத்து மேஜைக்காரரின் தட்டில் என்ன அளவில் இருந்தது என்று திரும்பிப் பார்த்து எழுதுகிறார்களா என்பதை இனிமேல் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.